பின்கோட்டருகே இருந்தவன் எழுதுவது

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி அத்தான்தான் எழுதியிருக்க வேண்டும். "என்னால ஏலாது மச்சான். உக்காந்தா கை ஓட மாட்டேங்குது. கூடப் பொறந்தவன், நீ எழுது" என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். குறை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கண்டி நகரில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மண்டபத்துக்குக் காவல் இருந்தார். இறகு ஒடிந்த பட்மின்டன் ஷட்டில்களைக் கூட்டி அள்ளுவதும் அவருடைய வேலை. அவற்றில் தேறியதை வீட்டுக்குக் கொண்டு வருவார். அக்கா லயத்துச் சுவரில் அடிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

"கூடை தூக்க வேண்டிய புள்ள கோழி எறகை அடிச்சிக்கிட்டுத் திரியுது" என்று பக்கத்து வீட்டு அத்தை சத்தம் போடுவார்.

"ஒங்க கோழியைப் புடிக்கல்லன்னு சந்தோசப்படுங்க அத்தை" என்பார் அக்கா.

பிறகு அப்பாவின் கழகத்திலேயே அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். மாகாண அணியில் ஆடினார். இருபது வயதில் கொழும்பில் ஒரு கம்பனி, தன் அணிக்கு ஆடுவதற்காகவே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. எங்கள் லயத்தில் விளையாடிச் சம்பளம் வாங்கியவர் அதுவரை யாரும் இல்லை. அக்காவின் ரெக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதற்காகவே நான் அந்த வேலையைப் பழகினேன். இன்றும் கம்பளையில் அதைத்தான் செய்து பிழைக்கிறேன்.

இனி வருவதை எழுதி முதலில் அத்தானிடம் காட்டினேன். வாசித்து முடித்து, "இருக்கட்டும்" என்றார்.

வெளிநாடு போகும் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் கடைசி ஆட்டம் கண்டியில் நடந்தது. அக்காவா, அவரை எதிர்த்து ஆடிய கொழும்புப் பிள்ளையா என்பது அந்த ஒரே ஆட்டத்தில் தீர வேண்டும். அன்று நல்ல மழை. கடுகண்ணாவையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் கோட்டு நடுவர்களில் சிலர் வந்து சேரவில்லை. பின்கோட்டின் ஒரு மூலையில் உட்கார ஆள் இல்லை. ரெக்கெட் பையோடு நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, இதுல குந்துங்க" என்று ஒரு கதிரையைக் காட்டினார்கள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கோட்டு நடுவருக்கு மூன்று சைகைகள் உண்டு. ஷட்டில் வெளியே விழுந்தால் இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும். கோட்டில் பட்டாலும் அது உள்ளேதான். அதற்கு ஒரு கையால் கோட்டைக் காட்ட வேண்டும். பார்க்கவில்லை என்றால் இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது சுற்றின் நடுவில் அக்கா அடித்த ஒன்று கோட்டுக்கு உள்ளே விழுந்தது. கையைக் காட்டினேன். மேலே பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அக்காவுக்குத் தம்பி தீர்ப்பு! மண்டபத்தையே எழுதிக் குடுங்கப்பா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கடைசியில் இருபதுக்குப் பத்தொன்பது; இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டம் போய்விடும். அக்காதான் பின்னால். அவர் உயரத் தூக்கி அடித்த ஷட்டில் என் காலுக்கு நேரே வந்து விழுந்தது. அதன் அடித் தக்கை வெள்ளைக் கோட்டில் பட்டதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் இத்தனை வருடமும் நம்பினேன். முழு மண்டபமும் என்னையே பார்த்தது. நான் இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டேன். பிரதான நடுவர் தன் கண்ணுக்குப் பட்டபடி "வெளியே" என்றார். ஆட்டம் முடிந்தது.

திரும்பிவரும் பஸ்ஸில் அக்கா கடலையை எனக்கும் பாதி கொட்டினார்.

"கண்ணுல தூசி விழுந்துச்சாடா?"

"ஆமாக்கா."

"வீட்டுக்குப் போயி கழுவிக்க."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறு வருடம் முழங்கால் போயிற்று. கண்டிக்கே வந்து பயிற்சியாளர் ஆனார். கண்டியிலும் புசல்லாவையிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பயிற்சியில் கோட்டு நடுவர் கிடையாது. தன் பக்கத்துக் கோட்டை அவரவரே சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் புள்ளி எதிராளிக்கு. நன்றாக ஆடும் பிள்ளை ஒன்று ஒருமுறை மாற்றிச் சொன்னதற்காக ஒரு மாதம் அதன் கையில் ரெக்கெட்டே கொடுக்கவில்லை. "தோத்துட்டு வா, சோறு போடுறேன். கோட்டைப் பத்திப் பொய் சொல்லிட்டு வராத" என்பார். நரம்பு கட்டிய ரெக்கெட்டுகளோடு வாசலில் நிற்கும் எனக்கு அது ஒவ்வொரு முறையும் கேட்கும்.

ஷட்டில் தரையில் விழும் சத்தம் கடையில் தனியாக இருக்கும்போதும் எனக்குக் கேட்கும். கோவிலில் தீபத்தட்டு வந்தால் எல்லோரும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் நெஞ்சில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். கை கண்ணுக்குப் போனால் அந்த மண்டபம் வந்துவிடும்.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் கண்ணை மூடுனேன்ல. நான் பார்த்தேன்க்கா. கோட்டு மேலதான் விழுந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "வெளியடா. ரெண்டு வெரக்கடை வெளிய."

"நான் பக்கத்துலயே இருந்தேனே."

"அடிச்சவ நானு. கையிலயே தெரிஞ்சிருச்சு. நீ வேற, இத்தனை வருசமா இதையா தூக்கிக்கிட்டுத் திரியிற? போ, கோப்பையைக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தபோது தூங்கியிருந்தார். பத்து நாளில் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு ஷட்டில்கள் தெரிகின்றன. ஒன்று கோட்டில் விழுகிறது, ஒன்று வெளியே விழுகிறது. அக்கா சொன்னது உண்மையானால் நான் இல்லாத பாவத்தைச் சுமந்திருக்கிறேன். உண்மை இல்லையானால், யாருக்காகவும் சொல்லாத பொய்யை அவர் எனக்காகச் சொல்லியிருக்கிறார். எது என்று தெரியாமல் திவசத்துக்கு எப்படி நிற்பது?

அக்காவைப் பார்த்துக்கொண்ட டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் மலை ஏற்றிய ஹந்தானை உறவுகளுக்கும், வெள்ளை உடுப்போடு புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மலர் கையில் கிடைப்பவர்களில் அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். அந்த ஷட்டில் விழுந்ததைப் பார்த்திருந்தால் கம்பளைக் கடைக்கு வந்து எனக்குச் சொல்லுங்கள். உள்ளே என்றாலும் சொல்லுங்கள். என் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம். அப்படிப் பார்ப்பதை அக்காவே செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.