சத்துருவுக்குக் கறிபாப்

எனக்கு அவசரமாக ஒரு சத்துரு தேவைப்பட்டது.

எங்கள் போதகர்தான் காரணம். வேதத்தை வாசித்து, தலையாட்டி, மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடுவது போதாது, ஒரே ஒரு வசனத்தை எடுத்து அதில் சொன்னபடி செய்து பாருங்கள் என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். சபையில் பாதிப்பேர் பிரியாணி என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை என்னுடையது. இந்தப் பொத்தானை அழுத்தினால் இது நடக்கும் என்று எழுதியிருந்தால், அழுத்திப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கைப்பேசியில் தேடி, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் ஒன்றைப் பிடித்துவிட்டேன். சத்துரு பசியாக இருந்தால் சாப்பாடு கொடு, தாகமாக இருந்தால் குடிக்கக் கொடு, அப்படிச் செய்தால் அவன் தலைமேல் எரிகிற தணலைக் குவித்தது போலாகும் என்று சொல்கிற இடம். நிபந்தனை, செயல், விளைவு எல்லாம் பளிச்சென்று இருந்தன. விளைவு எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனால் சத்துருவுக்கு எங்கே போவது? அலுவலகத்தில் எரிச்சலூட்டுகிறவர்கள் உண்டு, சத்துரு அளவுக்கு யாரும் தேறவில்லை. என் அக்காவைப் பரிசீலித்தேன். அவள் பசிக்காமலே சாப்பிடுகிறவள், நிபந்தனை பொருந்தாது. இப்படி யோசித்துக்கொண்டே சபையின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தேன். சத்துரு அங்கே தயாராக இருந்தார். அவருடைய கார் இருந்தது என்று சொல்வதுதான் சரி. என் காருக்குப் பின்னால், குறுக்கே, வெள்ளையாக.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபைக்கு இருக்கும் கார் நிறுத்துமிடம் ஒரு பை மாதிரி. ஒரே வாய், உள்ளே சுவர். ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் போடுகிற பொறுப்பு என்னுடையது என்பதால் முதலில் வருவேன், சுவரோரம் நிறுத்துவேன். பின்னால் வருகிறவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். முந்தி வந்தவர் பிந்திப் போவார் என்பது எங்களுக்குப் பிரசங்கம் இல்லாமலே விளங்கும். வெளியே சாலையில் நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் இடம் கிடைத்தால் அதைச் சாட்சியாகவே எழுந்து நின்று சொல்லலாம்.

ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெள்ளைக் கார் மட்டும் நிற்கும். அதன் சொந்தக்காரர் பாடகர் குழுவில் டெனர் என்ற மேல்குரலில் பாடும் ஓர் அங்கிள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பளபளவென்று வழுக்கை. ஆராதனைக்குப் பிறகு மாடியில் பாட்டுப் பயிற்சி அவருக்கு. கார்க் கண்ணாடியில் தன் கைப்பேசி எண்ணை முத்து முத்தாக எழுதி ஒட்டியிருப்பார். ஆனால் ஆண்டவருடைய வாசலுக்குள் நுழையும்போதே கைப்பேசியை அணைத்துவிடுவார். அவரும் கீழ்ப்படிகிறவர்தான். மாடிக்கு ஓடிப்போய் நின்றால், சரணம் முடியட்டும் என்று ஒரு விரலைத் தூக்குவார். எங்கள் பாட்டுகளில் சரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கிள்ளானைத் தாண்டி இருக்கும் காப்பாரில் இருக்கவேண்டும். அங்கே ஓர் அக்கா தன் வீட்டுக் கார் போர்ச்சில் பாய் விரித்துத் தருகிறார். அவர் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுமாக ஒரு சின்ன ஞாயிறு பள்ளி. நான் ஆரம்பித்தது. படிப்பை முடித்த பிறகு நான் ஆரம்பித்து இன்னும் கைவிடாத காரியம் அது ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் தாமதமாகப் போனேன். பிள்ளைகள் கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்பார்கள். கிள்ளானில் கணக்கு டியூஷன் வகுப்பு ஒன்றும் இதே நேரத்தில்தான் என்று அக்கா பேச்சோடு பேச்சாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். டியூஷனோடு மோதி ஜெயித்த ஞாயிறு பள்ளியை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு, சபைக்குப் பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் பையில் கட்டிய தே தாரே டீயும் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். நிபந்தனையை முதலில் சோதிக்கவேண்டும் அல்லவா?

"அங்கிள், பசிக்குதா?"

"பசிக்குதாவா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலம்மா. வயிறு நெறைஞ்சா மேல் சுருதி எட்டாது."

கொடுத்தேன். தலையைக் கவனித்தேன். முடி இல்லாததால் கவனிப்பது சுலபம். தணல் எதுவும் தெரியவில்லை, கொஞ்சம் வியர்வை மட்டும். அவர் கறிபாப்பைக் கடித்துக்கொண்டே நிதானமாகப் படியிறங்கி வந்து, கையில் எண்ணெயோடு ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்பதால் சாப்பிட்டு முடித்து, விரல்களைத் துடைத்து, எனக்காக ஒரு சின்ன ஜெபமும் செய்துவிட்டுக் காரை நகர்த்தினார். அன்று வழக்கத்தைவிடத் தாமதம்.

விடவில்லை. வாரா வாரம் கொடுத்தேன். அங்கிள் ஆராதனை நடுவிலேயே பாடகர் வரிசையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு ஒரு விபரீதம் கண்ணில் பட்டது. ஒரு ஞாயிறு நல்ல மழை, சபைக்குப் பாதிப்பேர் வரவில்லை, கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. அங்கிள் அத்தனை இடத்தையும் தாண்டி வந்து என் காருக்குப் பின்னால் பார்த்து நிறுத்தினார். அலுவலகமாக இருந்தால் இதைக் கோளாறு என்று எழுதி மேலே அனுப்பியிருப்பேன். வேதத்தைப் பற்றி யாருக்கு எழுதுவது? தவறு வசனத்தில் இருக்க முடியாது, அளவில்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, கறிபாப்பிலிருந்து தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோற்றுக்கு உயர்ந்தேன்.

அப்புறம்தான் ஒரு சனிக்கிழமை காப்பார் அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை, ரொம்ப மரியாதையாகப் பேசியிருந்தார். டியூஷன் டீச்சர் பதில் கேட்கிறாராம். நாளைக்கும் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு தொடங்காவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் அங்கே சேர்த்துவிடலாம் என்று அம்மாக்கள் பேசி முடித்துவிட்டார்களாம்.

ஞாயிறு. கடைசிப் பாட்டின் கடைசி வரியைத் திரையில் போட்டுவிட்டு, ஆமென் சொல்லக்கூட நிற்காமல் ஓடினேன். வெள்ளைக் கார் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் பாட்டுப் பயிற்சி இல்லையாம். குழுத் தலைவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். என் பின்னாலேயே இறங்கி வந்த அங்கிள் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஒரு பெரிய டப்பா. ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தேன். ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு அன்பான பிடியை உதறுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அம்மா எந்தச் சபையில் கல்யாணம் முடித்தார்கள், மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு போடுவேன் என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குக் காப்பார் சாலைதான் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. புளி பற்றி ஏதோ பதில் சொன்னேன். அது சரியான பதில் போலிருக்கிறது, ஆன்டி அங்கிளைத் திருப்தியோடு பார்த்தார்.

"எங்க பையன் செராஸ்ல பல் டாக்டரா இருக்கான்மா. இந்தக் காலத்துல மாமனாருக்கு வாரா வாரம் சாப்பாடு வாங்கிக் குடுக்கற பொண்ணு எங்க கெடைக்கும் சொல்லு."

மாமனார். சுற்றி வளைத்துச் சொல்ல ஆயிரம் வழிகள் இருந்திருக்கும். நேரம் இல்லை.

"ஆன்டி, அது அப்படி இல்ல. அங்கிள் என்னோட சத்துரு. அதான் சாப்பாடு."

சந்தில் போன மோட்டார் சைக்கிள்கூட நின்றுவிட்டது போலிருந்தது. தான் எப்படிச் சத்துரு ஆனோம் என்று அங்கிள் கேட்டார். நான் காரைக் காட்டினேன். வேறு யாரோ கொண்டுவந்து நிறுத்திய காரைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். வேதம் தெரிந்தவர், கை தானாகவே வழுக்கைக்குப் போனது.

"அப்ப அந்தத் தணலு?"

"வரும்னு பார்த்தேன் அங்கிள். வரல."

ஆன்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டப்பாவைக் கார் மேல் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருசம் இவரோடு குடும்பம் நடத்தியும் இந்த வசனம் தன் கண்ணில் படவில்லையே என்றார். அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த நாசி லெமாக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுந்தான் அங்கிள்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது. காப்பார், போர்ச், பிள்ளைகள், டியூஷன் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை தாண்டியிருந்தது.

"ஒரு தடவகூட நீ இதச் சொல்லலையேம்மா. பசிக்குதான்னு மட்டுந்தான் கேட்ட. சகோதரன் தப்பு பண்ணா தனியா போய் அவன்கிட்ட சொல்லுன்னு அதே வேதத்துலதான் இருக்கு. அத ஏன் எடுக்கல?"

அதில் தணல் இல்லையே என்று எப்படிச் சொல்வது?

அதற்குள் ஆன்டி அவர் பையிலிருந்து சாவியை எடுத்துவிட்டார். வாசலில் இருப்பது குறுகிய ஒருவழிச் சாலை. அங்கிளின் காரை வெளியே விட்டு என் காரை எடுப்பதற்குள் பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கிவிடும். "ஏறுங்க லா ரெண்டு பேரும்," என்றார். ஏறினோம். டப்பா என் மடியில் சூடாக இருந்தது.

ஆன்டி கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஓட்டியதை விவரித்தால் அவர் உரிமத்துக்கு ஆபத்து. ஆனால் ஷா ஆலம் அருகில் நெரிசல், யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பன்னிரண்டு ஆனது. அங்கிள் கைப்பேசியை முடுக்கி, என்னிடம் எண் வாங்கி, அக்காவை அழைத்தார். எல்லாத் தப்பும் என்னுடையது, என் கார்தான் காரணம், உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார். பிறகு, பிள்ளைகள் நடுவில் கைப்பேசியை வையுங்கள், வகுப்பை நான் ஆரம்பிக்கிறேன் என்று ஒரே போடாகப் போட்டார்.

முதலில் பாடினார். காருக்குள் அந்த டெனரைக் கேட்பது சாதாரண அனுபவம் அல்ல. அப்புறம் என் பக்கம் திரும்பி, இன்றைக்கு என்ன பாடம் என்று வாயசைத்தார். யோனா என்றேன். நினிவேக்குப் போ என்றதும் எதிர்ப்பக்கம் கப்பலேறிய தீர்க்கதரிசி. அங்கிள் யோனாவை இரண்டே வரியில் கடலில் எறிந்துவிட்டு, நேராக மீனுக்குப் போய்விட்டார். கதையில் சொன்ன பேச்சை உடனே கேட்டது அந்த மீன் ஒன்றுதான், விழுங்கு என்றால் விழுங்கியது, கக்கு என்றால் கக்கியது, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை என்றார். நான் தயாரித்து வைத்திருந்த பாடத்தில் இது இல்லை. மறுமுனையில் ஒரு பையன் மீனுக்கு வயிற்று வலி வந்ததா என்று கேட்டான். அங்கிள் மீனாகவே மாறிவிட்டார். மூன்று நாள் வயிற்றில் முழுசாக ஒரு தீர்க்கதரிசியை வைத்திருக்கிற மீன் எப்படி ஏப்பம் விடும் என்று அவர் செய்து காட்டியபோது, பக்கத்து லோரியில் இருந்த அண்ணன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

காப்பார் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. கேட்டில் யாரும் தொங்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் பாயில் கைப்பேசியைச் சுற்றிக் குப்புறப் படுத்திருந்தார்கள். நான் கேட்டைத் திறந்தேன். ஒரு சிறுமி திரும்பாமலே சத்தம் போடாதே என்று கையைக் காட்டினாள். பின்னால் அங்கிள் இன்னும் பேசிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். மீனின் குரல் பாயிலிருந்தும் கேட்டிலிருந்தும் ஒன்றாகக் கேட்டது. பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்தார்கள், வழுக்கையைப் பார்த்தார்கள், பிறகு ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், எதிர்வீட்டு நாய் குரைக்க மறந்துவிட்டது.

அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன். டியூஷன் டீச்சருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டாராம். அது சரி, அடுத்த வாரம் அந்த மீன் வருமா என்று கேட்டார். மற்ற அம்மாக்களிடம் அதைச் சொல்லித்தான் சமாளித்திருக்கிறார்.

அங்கிளிடம் போய் நின்றேன். இத்தனை வாரம் எவ்வளவு தைரியமாகப் பசிக்குதா என்று கேட்டவளுக்கு, அடுத்த வாரமும் வருவீர்களா என்று கேட்க நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் இல்லாவிட்டால் வகுப்பு நிலைக்காது. அதைவிட மோசம், அவர் வரவேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. எப்படியோ கேட்டுவிட்டேன்.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்மா," என்றார்.

எங்கள் ஜனங்களிடையே புழங்கியவர்களுக்குத் தெரியும், முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது.

ஆன்டி டப்பாவைத் திறந்து பிள்ளைகளுக்குத் தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"ஜெபமெல்லாம் வர்ற வழியில பண்ணிக்கலாம். பன்னெண்டு மணிக்கு வந்துருவோம்மா."

அங்கிள் மறுத்து ஏதாவது சொல்கிறாரா என்று பார்த்தேன். அவரால் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் அவரைப் பாயில் உட்காரவைத்து, வாயை ஆ என்று திறக்கச் சொல்லி, உள்ளே யோனா தெரிகிறாரா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.