கறுப்பு மோடமும் வெள்ளை மோடமும்

இன்று என் கைப்பேசியில் ஒரு படம் வரச் சற்றுத் தாமதித்தாலும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நான் ஒரு மந்தமான வெள்ளை மோடத்துக்கு மட்டும் ஆயுளுக்கும் நன்றிக்கடன் பட்டவள்.

உச்சிப்புளியில் என் தாய்மாமா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் இணைக்க அவரிடம் இரண்டு மோடங்கள் இருந்தன. கறுப்பு, சித்தப்பா சிங்கப்பூர் போய் வாங்கி வந்தது. வெள்ளை, மாமா மதுரையில் வாங்கியது. எது உசத்தி என்று இருவருக்கும் ஓயாத வழக்கு. கறுப்பு பந்தய மாடு, வெள்ளை உழவு மாடு என்பார் சித்தப்பா. பந்தய மாடு எல்லைக்கு வந்து சேர வேண்டாமா என்பார் மாமா. நான் சித்தப்பா கட்சி. கறுப்பில்தான் விளக்குகள் அதிகம் எரிந்தன. அந்த வயதில் வேறென்ன காரணம் வேண்டும்?

மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்த அய்யா, அதாவது என் அப்பா, சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. போனில், "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்" என்றார். ஆனால் அவருக்கு ஒரு கால் போய்விட்டதென்று ஊருக்குள் பேச்சு. என் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மாமாவிடம், "ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கண்ணே. பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றாள்.

மெயிலில் படம் வந்த அன்று கச்சான் காற்று பேயாய் அடித்தது. எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று தின்ற கம்பிகள். காற்றடித்தால் லைன் இரையும். சித்தப்பா முந்திக்கொண்டு கறுப்பை மாட்டினார். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முடி, நெற்றி, சிரிப்பு. "அய்யா!" என்று கத்தினேன். சட்டைப்பை வந்ததும் லைன் அறுந்தது. மறுபடி முடியிலிருந்து ஆரம்பித்து, மறுபடி சட்டைப்பையோடு நின்றது.

"மொகந்தான் தெரிஞ்சிருச்சே மதினி, அண்ணே ஜம்முன்னு இருக்காரு" என்றார் சித்தப்பா. அவர் குரலே சரியில்லை.

அம்மா எழுந்திருக்கவில்லை. "மெதுவா வந்தாலும் சரி, கடைசி வரைக்கும் எது வருமோ அதைப் போடுங்கண்ணே."

மாமா வெள்ளையை மாட்டினார். அது ஆடி அசைந்து நெற்றிக்கு வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அய்யாவைத்தான் பார்த்தாயிற்றே! வாசலுக்குப் போய் ராமேஸ்வரம் பஸ்களை வேடிக்கை பார்த்தேன்.

திரும்பி வந்தபோது சித்தப்பா சுவரைப் பார்த்து நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாமா வேட்டி நுனியால் வெள்ளை மோடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் முழுப் படம். அதன் அடியில், ரப்பர் செருப்பு போட்ட இரண்டு பாதங்கள். அம்மா அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கோ கறுப்பு மோடத்தை நினைத்துப் பாவமாக இருந்தது. அய்யாவின் முகத்தையே கொண்டுவந்து காட்டியது அதுதான். அப்போது யாரும் அழவில்லை. இந்த மட்டமான வெள்ளை ஒரு ஜோடிச் செருப்பைக் காட்டியதற்குப் போய் இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன்.