நாவற்குடாவில் தைத்த திரை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று பாளையங்கோட்டையில் எல்லாருக்கும் தெரியும். மட்டக்களப்பில் அது யாருக்கும் தெரியாது. தெரிகிற அளவுக்கு என்னோடு பேச ஆளில்லை. கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் கொழுந்தன்மார் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அண்ணன் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்றது போதும் என்றுதான், கடல் தாண்டி வந்து ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதலில் பள்ளி விடுதியிலேயே ஓர் அறை. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் படுக்க வேண்டும். வகுப்பில் நான் வாய் திறந்தாலே பிள்ளைகள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்து சிரிப்பார்கள். என் பேச்சு அவர்களுக்கு அத்தனை வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்தால் மறுநாள் காலைவரை ஒரு சொல் பேசியிருக்க மாட்டேன். எனக்கென்று ஒரு கதவும் ஓர் அடுப்பும் கிடைத்தால் இந்த ஊரில் காலூன்றிவிடலாம், இல்லாவிட்டால் மறுபடியும் அண்ணிதான் கதி என்று மனசு அடித்துக்கொண்டது.

நாவற்குடாவில் ஓர் அம்மாள் தன் வீட்டின் முன்னறையை வாடகைக்குத் தந்தார். அவர் கணவர் வாவியில் வலை வீசுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரே மகள். மகளுடைய அறை வாவிப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், நல்ல காற்று. என் அறைக்கு மத்தியான வெயில் மட்டும்தான்.

ஒருநாள் அம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"ரீச்சர், மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டு. மாப்பிள்ளை பழுகாமம்."

நல்லது என்றேன். பெண் பழுகாமத்துக்குப் போய்விடுவாள், அந்த அறை காலியாகும் என்று உடனே கணக்குப் போட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் அதை வாய்விட்டுக் கேட்க முடியுமா? கேட்கவில்லை. கடைத்தெருவில் நீலப் பூப்போட்ட சீத்தைத் துணி வாங்கி, பள்ளி விட்டு வந்து கையாலேயே ஜன்னல் திரை தைத்தேன். வீட்டுக்குப் பின்வளவில் தென்னங்கிடுகு வேய்ந்து ஒரு குடில் எழும்பியது. பந்திச் சமையலுக்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாள் பார்த்துவிட்டார். "இது எதுக்கு ரீச்சர்?"

"அந்த அறை ஜன்னலுக்கு."

அவர் கண் கலங்கிவிட்டது. "என்ட மகளுக்கா தெச்ச நீங்க?" நான் வாய் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சரி, போகிறவரைக்கும் அவளுக்குத் தொங்கட்டும், பிறகு எனக்குத்தானே என்று பேசாமல் இருந்தேன்.

கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்தார், வந்தவர் போகவில்லை. அடுத்த வாரம் அம்மாளும் கணவரும் பாய், பானை எல்லாவற்றையும் பின்வளவுக் குடிலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மகள் எப்போது புறப்படுகிறாள்?" என்று கேட்டேன்.

"அவ எங்க போற? வீடு அவட தானே. சீதனமா எழுதிக் குடுத்தாச்சு. நாங்கதான் போறம்." கொஞ்சம் தயங்கினார். "நீங்களும் ஒரு இடம் பாக்கத்தான் வேணும் ரீச்சர். புதுசாக் கலியாணம் முடிச்ச பிள்ளைகள்..."

"முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்று வெடித்தேன்.

"என்னத்தைச் சொல்ற? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

என் ஊரில் பெண்தான் மூட்டை கட்டுவாள். இங்கே பெற்றவர்கள் கட்டுகிறார்கள், நானும் கட்டுகிறேன். பட்டணத்தில் ஒரு கடைக்கு மேலே அறை அகப்பட்டது. நான் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு போட்டபோது அம்மாள் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க ரீச்சர். லீவுக்கு உங்கட வீட்டுக்குப் போயிட்டு வாங்க. அதை இப்ப ஆரு பாக்கிற?"

"எனக்கு வீடு இல்லை அம்மா."

"என்ன கதை இது? கலியாணத்துக்கு உங்கட அம்மா உங்களுக்கு வீடு தரல்லியா?"

"எங்கள் பக்கம் பெண்ணுக்கு நகையும் பாத்திரமும்தான். வீடு அண்ணனுக்கு."

அவர் கயிற்றை விட்டுவிட்டார். "அப்ப, புருசன் செத்தா பொம்புள எங்க இருக்கிற?"

கணவர் எப்படிச் செத்தார், பிள்ளை உண்டா, இனி வேலை எதற்கு என்றெல்லாம் என் ஊரில் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறார்கள். இந்த ஒன்றை யாரும் கேட்டதில்லை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாள் மகளின் அறைக்குப் போய், அவளைக் கேட்டுக்கொண்டு, திரையைக் கழற்றி மடித்து எடுத்து வந்தார்.

"வேண்டாம், அங்கேயே தொங்கட்டும்" என்றேன். "அது வீட்டுக்காரிக்குத் தைத்தது."

கடை மாடியிலும் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே இருந்த காலம் முழுக்க அதற்கு நான் திரை தைக்கவில்லை.