என்னை வழியனுப்ப வந்த வேன்

திருச்சியில் இருக்கும் அக்கா மகளின் கல்யாணத்துக்குப் போக, காதுத் தோட்டை அடகு வைத்து விமான டிக்கெட் எடுத்தேன். றக்வானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தேன். சித்தப்பா விடவில்லை.

"நம்ம லயத்துலேருந்து மொத மொதல்ல ப்ளேன்ல போற புள்ள. அநாதையாட்டம் பஸ்லயா அனுப்புறது? வேன் புடி, எல்லாரும் வாறோம்" என்றார்.

எல்லாரும் என்றால் பதினாறு பேர். வேன் வாடகையும் வழியில் சாப்பாடும் என் தலையில். கணக்குப் பார்த்தால் இன்னொரு டிக்கெட்டே எடுத்திருக்கலாம்!

விமான நிலையத்துக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் அத்தனை பேரையும் இறக்கினார்கள். சித்தப்பா அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். போவது நான் ஒருத்திதான் என்று சிங்களத்தில் கெஞ்சினேன்.

"அப்படியென்றால் மற்றவர்கள் எதற்கு?" என்று கேட்டார் சிப்பாய்.

சித்தப்பாவை விசாரித்து முடிக்கும்வரை ஒருவரையும் விடவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். மலிவு டிக்கெட்டாம், ஒரு சதமும் திரும்பாதாம். அடுத்த விமானத்துக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். கல்யாணம் நான் இல்லாமலேயே நடந்தது.

திரும்பும் வழியில் சித்தப்பா சொன்னார்: "போனா போகுது புள்ள. ப்ளேன கிட்டத்துல பாத்துட்டோமில்ல!"



போன மாதம் அக்கா மகளின் குழந்தையைப் பார்க்கத் திருச்சிக்குப் போனேன். லயத்தில் யாருக்கும் தேதி சொல்லவில்லை. தனியாகப் பஸ் ஏறினேன். இனி எப்போதும் அப்படித்தான். திரும்பி வந்தபோது, சொல்லாமல் போனதற்குச் சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து வாங்கிவந்த பொம்மை ப்ளேனை அவர் கையில் வைத்தேன்.

"இந்தாங்க சித்தப்பா, நல்லா கிட்டத்துல பாருங்க."