வெள்ளித்தாள் திணித்த கேமரா

எடுத்தவுடன் படம் தரும் எங்கள் பழைய கேமராவுக்கு இப்போது பேட்டரி வருவதில்லை. சார்ஜ் ஏற்றும் பென்சில் பேட்டரிகள் மூன்றைப் போட்டுப் பார்த்தேன், ஆடின. டார்ச் லைட்டுக்குச் செய்வதுபோல், சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைக் கசக்கி இடுக்கில் திணித்தேன். வேலை செய்தது.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மகள் கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். ரதவீதியில் திடீரென்று, "எம்மா, நெஞ்சு சுடுதும்மா!" என்று அலறினாள். கேமராவிலிருந்து புகை வந்தது. கழற்றப் போனால் வார் அவள் சடையில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் பூ விற்ற அக்கா, "வெலகுங்கம்மா!" என்று பிளேடால் வாரை அறுத்தார்.

வெள்ளித்தாள் நகர்ந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. இப்போது பேட்டரிகள் ஆடாமல் உட்காரும் கூடு வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். ஆனாலும் கேமரா புது வாரில் என் கழுத்தில்தான் தொங்குகிறது. மகள் கேட்டாலும் கொடுப்பதில்லை.