சோளன் குடிக்கும் மிசின்

கந்தப்போடி தண்ணீர் இறைக்கும் மிசினுக்குச் சாராயம் வார்க்கிறாராம். வெறியில் மிசின் தள்ளாடுகிறதாம். மட்டக்களப்பு நகரத்தில் எனக்கு முடி வெட்டியவர் சொன்னார். அவருக்குச் சொன்னவர் வாவியைக் கடந்து வந்த யாரோ.

நான் வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கந்தப்போடி ஒரு கரண்டியில் எதையோ ஊற்றி நெருப்புக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தார். நீலமாக எரிந்து அணைந்ததும் கரண்டியை வெயிலில் சரித்தார். அடியில் ஒரு துளி மிஞ்சியிருந்தது.

"இன்னும் தண்ணி இரிக்கி. மனிசன்டா குடிச்சிருவான். மிசின் குடிக்காது, தம்பி."

வாவிச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்புக் கட்டிகளைப் பானைக்குள் போட்டார். சுண்ணாம்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி வடிப்பார். நான் அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றேன். என் கடவுச்சீட்டு சட்டைப் பையில் இருந்தது.

மிசின் திருத்துவது அவர் தொழில். எதையும் மணந்து பார்த்த பிறகே தொடுவார்: நட்டு, சோறு, நான் லண்டனிலிருந்து கொண்டுபோன சொக்கிலேற்.

அது 2006 சிறுபோக நெற்பருவம். மிசினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஆமியின் சோதனைச்சாவடியைத் தாண்டி வரவில்லை. படுவான்கரைச் சோளனும் அதைத் தாண்டிப் போகவில்லை. "எண்ணெய் அங்கால நிக்கிது, சோளன் இஞ்சால நிக்கிது. நடுவுல ஆமி நிக்கிது," என்றார். வீட்டுக்கு வீடு சோளன் மூட்டைகளில் வண்டு விழுந்தது. வயல் வட்டையில் நெல், கதிர் வெளிவரப் போகும் குடலைப் பருவம். அந்தக் கிழமை தண்ணீர் பாயாவிட்டால் கதிர் பதராகும். கந்தப்போடி வீடுவீடாகப் போய்ச் சொன்னார்: "சோளனத் தாங்க, தண்ணி தாறன்." தந்தார்கள்.

கசிப்பு, கள்ளச்சாராயம் என்று கேள்விப்பட்டு, அந்தக் கரையை ஆண்ட இயக்கத்துப் பொடியன்கள் வந்தார்கள். அவர் வடித்ததில், விளக்கில் மிஞ்சிய ஒரு மூடி மண்ணெண்ணெயைக் கலந்து நீட்டினார். ஒருவன் நாக்கில் வைத்துத் துப்பினான். விசாரணை முடிந்தது. சக்கை எருமைகளுக்குப் போனது. பால் கூடியிருக்கிறது என்றார் மனைவி புஸ்பம். எருமைகள் ஒன்றும் சொல்லவில்லை. விடியுமுன் வந்து வேலியோரம் நின்றன.

அமெரிக்காவில் சோளத்தில் கார் ஓடுகிறது, அங்கே சோளக்காரனுக்கு நல்ல விலை, ஊரில் பிள்ளைகளுக்கு வேலை என்று நான் ஆங்கிலத்தில் வாசித்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அங்க ஆமி மறிக்கிறல்லயா?"

இரண்டாம் தவணைச் சாராயத்துக்காகச் சோளனை விதைநெல் போலச் சாக்கில் நனைத்து முளைகட்ட வைத்திருந்தார். முளைத்தால்தான் இனிப்பு இறங்கும், இனிப்பு இருந்தால்தான் புளித்துச் சாராயமாகும். காவலுக்கு மைத்துனர் இளையதம்பியை வைத்தார். இளையதம்பி அதைத் திருடவில்லை, விற்கவில்லை. விதைத்துவிட்டார்.

"முளை வெடிச்சத எப்பிடி மச்சான் பாத்துக்கிட்டு இரிக்கிற? பழுதாப் போயிரும் எண்டு மேட்டுத் துண்டுல போட்டன்."

"மறுகா மிசின் என்னத்தக் குடிக்கும்? உன்ட ரெத்தத்தயா?"

"என்ட தம்பிய ஏசாதீங்க," என்றார் புஸ்பம். "கமக்காரன் முளையக் கண்டா வேற என்ன செய்வான்? நீங்கதான் அடுப்புல வெக்கிறீங்க."

மிஞ்சியது முதல் தவணையில் வடித்த ஒரே கான் சாராயம். மறுநாள் அதை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோனோம். சோளன் தந்தவர்கள் மண்வெட்டியோடு வரம்பில் நின்றார்கள். கந்தப்போடி கயிற்றை இழுத்தார். மிசின் இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி நின்றது. கந்தப்போடி மிசினின் காற்றுவாயை மணந்து பார்த்து, உள்ளங்கையால் அதைப் பாதி மூடிக்கொண்டு, இளையதம்பியைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். காற்றுக் குறைந்ததும் மிசின் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தார், முனகியது. திரும்ப வைத்தார், ஓடியது. குழாயில் தண்ணீர் பீறிட்டு, வாய்க்காலின் வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு நகர்ந்தது.

அப்போதுதான் மரத்தில் தொங்கிய அவருடைய சட்டைக்குள் கைத்தொலைபேசி அடித்தது. இளையதம்பி எடுத்துப் பார்த்தார். அழைத்தவர் மறுகரைக் காத்தான்குடி வியாபாரி பாறூக். வழக்கமாகச் சோளன் வாங்குபவரும் மண்ணெண்ணெய் தருபவரும் அவரே. சோதனைச்சாவடியைத் தாண்ட லொறிக்கு அனுமதி கிடைத்தால் மட்டுமே அழைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"பாறூக் காக்கா, மச்சான். காதுல வெக்கட்டா?"

"மிசின் சத்தத்துல என்ன கேக்கிற? கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேரட்டும்."

அழைப்பு ஓய்ந்து, திரும்பவும் அடித்தது. கந்தப்போடியின் வலக்கை விறைத்துவிட்டது போலும். இடக்கையை அதன் மேல் கொண்டுவந்து, இடைவெளி விழாமல், ஒவ்வொரு விரலாக மாற்றி வைத்தார்.