கண்ணாடி எடுத்த தாம்பூலப் பை

போன வாரம் ஒரு நர்சிங் காலேஜில் பேசிவிட்டு வந்தேன். 'தீக்காய நோயாளியைக் கவனிக்கும் நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை' — இதுதான் தலைப்பு. சர்வீஸ் முழுக்க பர்ன்ஸ் வார்டிலேயே கழித்து ரிடையர் ஆனவள் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினேன்!

தீப்பட்ட இடத்தில் குழாய்த் தண்ணீர் விடுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். வலி மருந்தை டிரெஸ்ஸிங் மாற்றுவதற்கு முன்பு கொடுங்கள், நோயாளி கத்த ஆரம்பித்த பிறகு அல்ல. கழுத்தில் காயமா? தலையணையை எடுத்துவிடுங்கள். எப்படிப் படுத்தால் சுகமாக இருக்கிறதோ, அப்படியே தோல் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆறின தழும்பில் வெயில் படக்கூடாது. அப்புறம்... உங்கள் முகம். கட்டுப் பிரிக்கும்போது நோயாளி முதலில் பார்ப்பது தன் காயத்தை அல்ல, உங்கள் மூஞ்சியை.

பிள்ளைகள் கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து கொலு பொம்மைகளைத் தூசி தட்டும்போதுகூட எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது.

அந்தத் தலையைத்தான் மூன்றே நாளில் தொங்கப்போட வேண்டி வந்தது.

இங்கிருந்து பஸ் மாறிப் போகவேண்டிய சாந்த்ராகாச்சியில் என் சிநேகிதி கோமதி இருக்கிறாள். கணவருக்கு ரயில்வேயில் வேலை. மகள் நந்தினி, காலேஜ் முடித்த பெண். போன வருஷம் டீ போடும்போது நைலான் துப்பட்டாவில் தீப்பிடித்துக்கொண்டது. வலது கன்னம், கழுத்து, கை. கட்டுப் போட்டிருந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். முட்டை கொடு, கழுத்துப் பயிற்சியை விடாதே, அரிக்கிறது என்றால் தேங்காயெண்ணெய் தடவு... கோமதிக்கு என் வார்த்தை வேதவாக்கு.

நவராத்திரிக்கு அழைத்தபோது நந்தினியே போனை வாங்கிப் பேசினாள்.

"மாஷி, நான் ஒரு பாட்டு ப்ராக்டிஸ் பண்ணியிருக்கேன். உங்க வீட்டு கொலுல பாடட்டுமா?"

இந்தப் பெங்காலி ஊரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நாமெல்லாம் ஆன்ட்டி இல்லை, மாஷிதானே? விபத்துக்குப் பிறகு அவள் நாலு பேர் முன்னால் வரப்போவது இதுதான் முதல் தடவை. எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்தேன் தெரியுமா?

"மூணு மணிக்கு வந்துடும்மா. அப்ப கூட்டம் இருக்காது, ஃப்ரீயா பாடலாம்" என்றேன்.

என் வீட்டுக்கு லேக் மார்க்கெட் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள். அவர்கள் பார்வை எப்படி இருக்கும், என்னென்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. அதோடு விட்டேனா? வருகிறவர்களுக்குக் கொடுக்க வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், சீப்பு, குட்டிக் கண்ணாடி என்று தாம்பூலப் பை போட்டு வைத்திருந்தேன். நந்தினிக்கென்று ஒரு பையை எடுத்து, அதிலிருந்து கண்ணாடியை மட்டும் வெளியே எடுத்துவிட்டேன்.

வார்டில் அதுதான் பழக்கம். ஆரம்ப நாட்களில் கண்ணாடியைக் கண்ணில் காட்ட மாட்டோம். நோயாளி கேட்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, பக்குவமாகக் காட்டுவோம். அந்த 'கேட்கும்போது' எனக்கு எப்படி மறந்தது?

துர்கா பூஜைக் கூட்டத்தில் பஸ் மாறி, கொளுத்தும் வெயிலில் அம்மாவும் பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். தழும்பில் வெயில் படக்கூடாது என்று மைக்கில் முழங்கியவள் கொடுத்த நேரம்! நந்தினி மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ. கண்ணுக்கு மை. கையில் தழும்பு தடிக்காமலிருக்கப் போடும் இறுக்கமான க்ளவுஸ். ஹாலில் விரித்திருந்த காலி ஜமுக்காளத்தைப் பார்த்தாள்.

"இன்னும் யாரும் வரலையா மாஷி?"

"எல்லாரும் ஆறு மணிக்கு மேலதாம்மா... நீ பாடு, நான் கேக்கறேன்."

அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் மாஷி. தொண்டை சரியில்ல."

சுண்டல் கொடுத்தேன். குங்குமம் கொடுத்தேன். புடவையைப் புகழ்ந்தேன், எங்கே வாங்கியது என்று விசாரித்தேன், பஸ் கூட்டத்தைத் திட்டினேன். வாய் ஓயவே இல்லை. தாம்பூலப் பையை வாங்கியவள் சின்னப் பிள்ளை மாதிரி அப்போதே பிரித்தாள். கோமதியின் பையையும் எட்டிப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணாடி வைக்கலையா?"

"அது... தீர்ந்து போச்சும்மா."

வாசகர்களே, என் முதுகுக்குப் பின்னால் மேஜை மேல் பைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கண்ணாடி மினுக்குகிறது. இந்த லட்சணத்தில் ஒரு பொய்!

கோமதி பதறினாள். "மாஷி நல்லதுக்குத்தான்டி செஞ்சிருப்பாங்க..."

நந்தினி அம்மாவின் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். நிதானமாகக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டாள். காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள், வலது பக்கம்தான். பிறகு சொன்னாள்:

"நான் டெய்லி பாக்கறேன் மாஷி. வந்ததுலேர்ந்து நீங்கதான் இன்னும் என் மூஞ்சியப் பாக்கல."

நிஜம். புடவையைப் பார்த்தேன், பூவைப் பார்த்தேன், க்ளவுஸைக்கூடப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை வெந்த முகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டியிருக்கிறேன்! அங்கே யூனிஃபார்ம் இருந்தது. இங்கே பட்டுப்புடவை கட்டிய வீட்டுக்காரி, சாயந்திரம் வரப்போகும் பெண்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தவள். நந்தினிக்குச் சங்கடம் வரக்கூடாது என்று செய்தேன் என்றா சொல்லிக்கொள்வது? சங்கடம் என்னுடையது. அதைத் தூக்கி ஒரு சின்னப் பெண்ணின் தலையில் வைத்து, அதற்கு 'அக்கறை' என்று பெயரும் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

நிமிர்ந்து பார்த்தேன். கன்னத்தில் தழும்பு இருந்தது. அதைத் தாண்டி, ஆசையாகக் கிளம்பி வந்து ஏமாந்துபோன ஒரு பெண்ணின் முகம். அதை என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் நந்தினி. இருந்து, ஆறு மணிக்கு எல்லாரும் வந்ததும் பாடிட்டுப் போம்மா" என்றேன்.

"இன்னிக்கு மூட் இல்ல மாஷி. நாளைக்குப் பாலிகஞ்ச்ல சித்தி வீட்டுக் கொலு. சாயங்காலம் அங்க பாடறேன்." செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான் வரட்டுமா?"

கோபமே இல்லாமல் சிரித்தாள்.

"வாங்களேன். ஆனா கூட்டமா இருக்கும் மாஷி... உங்களுக்குப் பரவாயில்லையா?"